அளவுகல்

பங்குனி பதினொன்று.
கண்மாயில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.
எண்பத்து நாலாயிரத்துக்கு மீன்பாசி ஏலம் எடுத்த
பன்னிரண்டு பெண்களும் கரையில் நிற்கிறோம்.
அரியமுத்து வலையை இழுக்கிறார்.
ஓட்டுச்சில் அள்ளிய கூடைபோல
சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது வலை.

கெண்டை இல்லை, விரால் இல்லை.
உடும்பு முதுகு,
கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம் என்று ஒரு மீசை,
அடிப்பக்கம் வட்டமாய் வாய்.
வலைக்கண்ணில் முள்ளைக் கொடுத்துத் திருகிக்கொண்டு கிடக்கிறது.
ஒன்றை எடுக்க ஒரு சாண் வலை அறுக்க வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து வந்த சீனி இபுறாகீம்
ஐஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை.
நகரை, ஊளி, ஓரா, மடவை என்று
இருட்டில் தொட்டே பேர் சொல்கிற மனுசர்
இதைத் தொட்டுவிட்டுக் கையைக் கைலியில் துடைத்தார்.
"கடல்ல இதுக்குப் பேரு கிடையாதும்மா."

பேர் இருக்கிறது.
மங்களேசு மகனுக்குத் தெரிந்திருக்கிறது.
ராமநாதபுரத்தில் கண்ணாடித் தொட்டி விற்கும் கடையில்
விரல்நீளம் முப்பது ரூபாய்.
டேங்க் கிளீனர்.
யாரோ வாங்கி, தொட்டி போதாமல் அது வளர்ந்து,
கொல்ல மனம் வராமல் கால்வாயில் விட்டிருக்கிறார்கள்.
அது வழிதவறி வரவில்லை.
எங்கள் கரைப் பலகையிலும்
பொதுப்பணித்துறை டேங்க் என்றுதான் எழுதியிருக்கிறது.

அரியமுத்து ஒன்றைக் கீறிக் காட்டினார்.
கத்தி இரண்டு தடவை வழுக்கியது.
உள்ளே குடல்
கொசுவத்தி மாதிரி சுற்றிச் சுற்றி.
பச்சைச் சேறு. வேறொன்றும் இல்லை.
மீன்பாசி ஏலத்தில்
பாசி முழுவதும் இதற்குப் போயிருக்கிறது.

அன்று ராக்காவல் என் முறை.
மடைப் பக்கம் டார்ச் அடித்தேன்.
பகலெல்லாம் கரையைக் குடைந்த வளையில் கிடந்தவை
ஒவ்வொன்றாய் வந்து
மடைத்தூணில் ஒட்டிக்கொண்டிருந்தன.
பானையின் அடியைச் சுரண்டும் அகப்பைபோல
சுரண்டல், நகர்தல், சுரண்டல்.
எதையும் துரத்தவில்லை. யாரையும் கடிக்கவில்லை.
பாசியோடு மீன்சினை ஒட்டியிருந்தால்
அதையும் சேர்த்து.
பார்த்துத் தின்கிற வாய் இல்லை அது.
நடுவில் ஒன்று மேலே வந்து
காற்றை ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போனது.
வயிற்றில் வைத்துக்கொண்டு மூச்சு விடுமாம்.
ஏலப் பாக்கி நினைவு வந்தால்
எனக்கும் மூச்சு அங்கேதான் நிற்கிறது.

விடிந்து முகம் கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன்.
நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பச்சையாய் இருந்த தூண்
கருங்கல்லாய் நிற்கிறது.
தண்ணீர் இறங்க இறங்க நக்கியிருக்கிறார்கள்.
கல்லில் கோடு. கோட்டருகே எண்.
உச்சியில் ஒன்பது; பக்கத்தில்
'நிறை' என்று உளியால் கொத்தியது.
எட்டு, ஏழு, ஆறு.
தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினேன்.
ஐந்து. நாலு.
அதற்குக் கீழே சேறு.

மங்களேசைக் கூப்பிட்டேன்.
அவளும் தடவிப் பார்த்தாள்.
ஒன்பதடித் தண்ணீர் என்று காகிதத்தில் போட்டு
மூன்றரை அடி மண்ணையும் சேர்த்து
எங்களுக்கு ஏலம் விட்டிருக்கிறார்கள்.

போட்டோ எடுக்கும்போது
நாலாம் எண்ணுக்கு மேலே ஒன்று ஒட்டியிருந்தது.
தட்டினோம், குச்சியால் குத்தினோம். நகரவில்லை.
இருக்கட்டும் என்று அதோடே எடுத்தோம்.
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவோடு
அந்தப் படமும் போகும்.

மீதியைப் புதைக்கக் குழி வெட்டினோம்.
நேற்று மத்தியானம் கரையில் போட்டவை.
இன்னும் பாதிக்கு உயிர் இருக்கிறது.
மண்ணைத் தள்ளத் தள்ள வாய் அசைகிறது.
மண்வெட்டித் தகட்டில் ஒன்று ஒட்டிக்கொண்டது.
உதறினேன்.
மறுபடி உதறினேன்.

கரையில் வளை எண்ணப் போனவள்
நூற்றுப் பதினேழில் கத்துகிறாள்,
மழைக்குள் அடைக்க எத்தனை மூட்டை மண் வேண்டும் என்று.
கண்மாய்க்குள்ளேதான் மூன்றரை அடி கிடக்கிறதே என்று
நானும் கத்துகிறேன்.